ஜீப்பின் மூக்கில் தண்டவாளம்

பிள்ளைகளா, அவர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் உங்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவில் பாம்பூஃப்ளாட் படகுத் துறையிலிருந்து உள்ளே, காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் வயல்வரைக்கும் சாலை போட்ட கூட்டத்துக்கு அவர்தான் தலை. காண்ட்ராக்டர் துறைக்கு எதிரே அக்கரையில் மரைன் ஹில்லில் இருந்தார். எப்போதாவது படகேறி வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மேஸ்திரி வாய்தான் சட்டம், மேஸ்திரி கைதான் போலீஸ்.

முதலில் அடிப்பார், பிறகுதான் என்னவென்று பார்ப்பார். மனிதன், மாடு, இயந்திரம் என்ற பேதம் அவரிடம் கிடையாது. நானும் உங்கள் பெரிய மாமாவும் கப்பலிலிருந்து இறங்கி வேலைக்குச் சேர்ந்த அன்று அவரை முதன்முதலாகப் பார்த்தபோது, பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஒரு ஜீப்பை அவர் உதைத்துக்கொண்டிருந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது கொதிநீர் பீய்ச்சி அவர் கன்னத்தைச் சுட்டுவிட்டதாம். ரேடியேட்டர் ஒழுக ஆரம்பிக்கும்வரை உதைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "தண்ணி கொண்டாங்கடா, வண்டி ஒழுகுது" என்றார், வேறு யாரோ உடைத்த மாதிரி.

அவருக்கு ஒரு பேச்சு உண்டு. "முன்னால நிக்கிறவன் வழி விடமாட்டான். வழிய நாமதான் எடுக்கணும்." இதை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று கணக்கில்லை. சோற்றுப் பந்தியிலும் சொல்வார், படகுத் துறையிலும் சொல்வார்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அவரே சொன்னார். படகில் போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெயில். அவர் குடும்பம் பர்மாவில் இருந்ததாம். யுத்தத்தில் ரங்கூனை விட்டு எல்லோரும் நடந்து வந்தபோது ஒரு ஆற்றங்கரையில் படகுக்குக் கூட்டம் நின்றதாம். அவருடைய அப்பா வரிசையில் நின்றார். அவர் மட்டும் முன்னால் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு ஏறினார். படகு போய்விட்டது. வரிசையில் நின்ற அப்பாவை அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. "நின்னவன் நின்னுக்கிட்டே இருந்தான். தள்ளினவன் இங்க உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, காலை மிதித்துவிட்ட ஒரு தெலுங்குக்காரரின் முதுகில் ஒன்று வைத்தார்.

அவர் அடித்ததால் பிழைத்தவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ராஞ்சியிலிருந்து வந்த ஒருவனுக்கு மலேரியா ஏறி வலிப்பே வந்துவிட்டது. மேஸ்திரி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துறைக்கு ஓடினார். படகு நிரம்பிவிட்டது, அடுத்த படகில் வா என்றார் டிக்கெட் கொடுப்பவர். அந்த டிக்கெட்காரர் மூக்கிலிருந்து ரத்தம் வந்தபோது படகில் இடமும் வந்தது. ராஞ்சிக்காரன் பிழைத்துக்கொண்டான். ஆகவே அவரைக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு இன்றுவரை வரவில்லை.

இனி அந்தத் தண்டவாளத்துக்கு வருகிறேன்.

உள்ளே நிலம் கிடைத்த வங்காளிகள், மாடு வயலில் இறங்காமல் இருக்க, பாதையின் குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு வைப்பார்கள். வருகிறவன் இறங்கி, மூங்கிலை நகர்த்தி, வண்டியைக் கடத்தி, திரும்பவும் மூங்கிலைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். மேஸ்திரி இறங்க மாட்டார். ஜீப்பாலேயே முட்டி உடைத்துக்கொண்டு போவார். அவர்களும் மறுநாள் வேறு மூங்கில் போடுவார்கள், மறுபடி உடையும். கடைசியில் அவர்கள் தொடையளவு தடித்த, படாக் என்ற கெட்டி மரத்தையே குறுக்கே வைத்துவிட்டார்கள். மேஸ்திரி அதையும் முட்டினார். மரம் அசையவில்லை. ஜீப்பின் முன் தகடு உள்ளே மடங்கி ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. இறங்கிப் போய், மரத்தை வைத்த மனிதரை அவருடைய வயல் சேற்றிலேயே போட்டு மிதித்தார். அந்த மனிதரின் மனைவி வரப்பில் நின்றுகொண்டு, "மத் மாரோ, மத் மாரோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடிக்காதே என்று அர்த்தம். அதை அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மிதித்ததோடு ஆறவில்லை அவருக்கு. காட்டில் மரம் இழுத்த பழைய டிராம் பாதையிலிருந்து ஒரு துண்டுத் தண்டவாளத்தைத் தூக்கி வந்து ஜீப்பின் மூக்கில் போல்ட் போட்டு முடுக்கினார். இனி எந்த மரம் தாங்கும் என்றார். எந்த மரமும் தாங்கவில்லை, உண்மைதான். அந்த வருஷம் வங்காளிகளின் நெல்லில் பாதியை மாடுதான் தின்றது.

அதற்குப் பிறகு அவருக்கு எதிலாவது அடி விழும்போதெல்லாம் ஜீப்பின் முன்னால் ஒரு இரும்பு கூடியது. சேற்றில் மாட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்றதற்காக வின்ச் வந்தது. கம்பிக்கயிறு சுற்றி இழுக்கும் உருளை அது, இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. அந்தக் கயிறு ஒரு நாள் அறுந்து வீசியதில் ஒரு ஆளின் காது பாதி போயிற்று. அங்கே ஏன் நின்றாய் என்று அவனையே அறைந்துவிட்டு, இன்னும் தடித்த கயிறு வாங்கிச் சுற்றினார். கல் ஒன்று தெறித்து விளக்கு உடைந்ததற்காக அதற்கு மேலே ஒரு இரும்புத் தகடு.

வண்டியின் அடியில் நீங்கள் குனிந்து பார்த்தால் தெரியும். வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். கமான் என்போம். சக்கரம் கல்லில் ஏறினால் அந்த வில் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். மேலே இருக்கிற நமக்கு ஆட்டம்தான் தெரியும், அடி தெரியாது. மேஸ்திரி ஏற்றிய இரும்பில் முன் கமான் இரண்டும் நிற்கும்போதே தட்டையாகிவிட்டன. இனி அமுங்க இடமில்லை. சிறு குழியில் இறங்கினாலும் அச்சு மேலே வந்து ரப்பர் கட்டையில் மோதும். சில நாளில் அந்த ரப்பரும் பிளந்து விழுந்தது. பிறகு இரும்போடு இரும்பு மோதும் சத்தம். அந்த அடி நேராக எங்கள் முதுகெலும்பில் வந்து இறங்கும். ஒரு தடவை சக்கரம் வேரில் அடித்ததில் ஸ்டியரிங் சுழன்று மேஸ்திரியின் கட்டைவிரலை ஒடித்தது. வண்டியை நிறுத்தி, இடது கையால் ஸ்பேனரை எடுத்து அந்த ஸ்டியரிங்கை வளையும்வரை அடித்தார். அதற்கப்புறம் அந்த வளைந்த ஸ்டியரிங்கை வைத்துத்தான் ஓட்டினார்.

பாம்பூஃப்ளாட்டில் பட்டறை வைத்திருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். முன்னே மீன்பிடித்தவர், பிறகு படகு எஞ்சின் பார்த்து, அப்படியே வண்டிக்கும் வந்தவர். அவர் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, படகின் முன்பக்கமான அணியத்தை வைத்துத்தான் பேசினார்.

"மேஸ்திரி, நான் சொல்லுதத கேளும். அணியத்துல பாரத்த ஏத்துனா படகு தலையக் குத்தும், பின்பக்கம் தண்ணிய விட்டுத் தூக்கும். சுக்கான் புடிக்காது. உம்ம வண்டியும் அதைத்தான் செய்யிது. தண்டவாளத்தைக் கழட்டும்."

"கழட்டுறதுக்கா மாட்டுனேன்? கமானுக்கு இன்னொரு பட்டை போடு."

"பட்டை போட்டா உயரம் வரும். பாரம் எங்க போவும்?"

மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்தார். பட்டறைக்காரர் பயப்படுகிறவர் இல்லை, ஆனால் அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பட்டை போட்டுக் கொடுத்தார். ஜீப் நிமிர்ந்து நின்றது. பார்த்தீர்களா, சரியாகிவிட்டது என்று நாங்கள்கூட நம்பினோம். சத்தம் குறைந்தது. ஆனால் ஏற்றத்தில் சிவப்புக் களிமண் மழையில் நனைந்ததும் பின் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. முன்னால் தொங்கிய இரும்பு, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்ற மரம் போல, பின்பக்கத்தைத் தூக்கிவிட்டது. மண்ணைப் பிடிக்கப் பின் சக்கரத்தில் பாரம் இல்லை.

இரும்பைக் கழற்றாமல் இதைச் சரிசெய்ய மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். ஏற்றம் வந்தால் "பீச்சே" என்று கத்துவார். இந்தியில் பின்னால் என்று அர்த்தம். எங்கள் கூட்டத்தில் நாலைந்து பாஷைக்காரர்கள் இருந்ததால் உத்தரவெல்லாம் இந்திதான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் தடித்த ஆட்களாக நாலு பேர் வண்டியின் பின் விளிம்பில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்துத் தொங்க வேண்டும். சக்கரம் மண்ணைப் பிடிக்கும், வண்டி ஏறும். ஏற மறுத்த ஒரு மலையாளியை ஃபேன் பெல்ட்டால் அடித்ததில் அவன் முதுகுத் தோல் உரிந்தது. அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

கூட்டத்திலேயே தடித்த ஆள் உங்கள் பெரிய மாமா. ஆகவே எல்லா ஏற்றத்திலும் அவர் பின்னால்தான். மழைக்காலம் வந்ததும் இறக்கத்திலும் ஏறித் தொங்கச் சொன்னார் மேஸ்திரி. பிரேக் போட்டால் மூக்கு குத்தி, பாரமில்லாத பின்பக்கம் பாம்பு வால் மாதிரி வீசியது. ஒருபுறம் மலை, ஒருபுறம் பள்ளம். வால் வீசும்போது பள்ளத்தின் மேலே தொங்குகிறவர் மாமா.

உங்கள் அம்மாவுக்கு அப்போது வயிற்றில் உங்கள் அக்கா. ஒரு நாள் துறையருகே நின்று இதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். அன்று அடுப்பு மூட்டவில்லை.

"எங்கண்ணன் என்ன மூட்டையா?" என்றாள். "அந்த ஆள்கிட்ட போய்க் கேளுங்க. மணல் மூட்டை கட்டி வச்சுக்கிறச் சொல்லுங்க. இல்லாட்டி நான் போய்க் கேக்குறேன்."

அவள் போனால் என்ன நடக்குமென்று எனக்குத் தெரியும், ஆகவே நானே போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "மூட்டை தானா ஏறுமாடா? தானா இறங்குமா?" என்று கேட்டுவிட்டு, எச்சில் கையாலேயே அடித்தார். எனக்கு ஒரு பக்கத்துப் பல் இல்லாததைப் பற்றி நீங்கள் கேட்டதுண்டு. படியில் விழுந்தேன் என்று சொன்னேன். படி இல்லை, அவர்.

மாமா என் வாயைப் பார்த்துவிட்டு, கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் சுபாவம் அப்படி. உடம்புக்கு ஏற்ற கோபம் அவருக்கு இல்லை என்று நாங்கள் கேலி செய்வோம். மறுநாள் காலையில் "பீச்சே" என்று கேட்டதும் அவர் ஏறவில்லை. சும்மா நின்றார். மேஸ்திரி இறங்கி வந்து பெல்ட்டால் முகத்தில் இழுத்தார். கன்னத்திலிருந்து காதுவரை தடம் விழுந்தது. மாமா ஏறினார்.

அன்று மதியம் அந்த இறக்கத்தில், மழை கொட்டும்போது, ஜீப்பின் இடது முன் கமான் போயிற்று. வண்டியின் மூக்கு முழுப் பாரத்தோடு கீழே அழுத்திக்கொண்டிருந்தது. சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. வளைந்து கொடுக்க வில்லில் இடமில்லாததால் பட்டை ஒடிந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஜீப் மலைப்பக்கத்து ஓடையில் மூக்கைக் குத்தியது. நல்லவேளை, பள்ளப்பக்கம் போகவில்லை. பின்னால் தொங்கியவர்கள் சேற்றில் போய் விழுந்தோம். நானும் அன்று நாலு பேரில் ஒருவன். சிராய்ப்பு, ஒருவனுக்குக் கை பிசகல், அவ்வளவுதான். மேஸ்திரி கண்ணாடி மடக்கிய முன்பக்கத்தின் வழியே வீசப்பட்டு ஓடைக்குள் விழுந்தார். ஜீப் அவர்மேல் வந்து இறங்கியது. தண்டவாளம் அவருடைய இரண்டு தொடைகளுக்கும் குறுக்கே கிடந்தது.

முன் சக்கரங்கள் ஓடையின் விளிம்பில். பின் சக்கரங்கள் தரையை விட்டு ஒரு முழம் மேலே. மழைத்தண்ணீர் ஓடையில் வந்துகொண்டிருந்தது, அவர் மோவாய்வரை ஏறியிருந்தது. பின்னால் நடந்து வந்த கூட்டத்து ஆட்களும் ஓடி வந்து சேர்ந்தார்கள். என்ன செய்ய வேண்டுமென்று எல்லோருக்கும் தெரிந்தது. பின்பக்கத்தில் ஏறித் தொங்கினால் மூக்கு தூக்கும். இத்தனை நாள் செய்த வேலைதான்.

"பீச்சே" என்றார் மேஸ்திரி.

ஒருவரும் அசையவில்லை. காது அறுந்தவன் அங்கே நின்றான். முதுகு உரிந்தவன் நின்றான். அவர் இன்னொரு தடவை சொன்னார், அதே அதட்டலோடு. கெஞ்ச அவருக்குத் தெரியவில்லை. எங்களுடைய அம்மாக்களைச் சேர்த்துத் திட்டினார். தண்ணீர் வாயில் போய்த் திட்டு பாதியில் நின்றது.

நான் ஏறினேன். ராஞ்சிக்காரன் ஏறினான், மலேரியாவில் பிழைத்தவன். பிறகு இன்னும் இரண்டு பேர். வண்டி கொஞ்சம் அசைந்தது, தூக்கவில்லை. மாமா இல்லாமல் தூக்காது. எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

மாமா ஓடைக்குள் இறங்கினார். தலையைத் தூக்கிப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். முடியைப் பிடித்துத் தூக்கவும் செய்தார். பிறகு மறு கையால் அடித்தார். வாயில், கன்னத்தில், மறுபடி வாயில். மாமா பல்லைக்கூடக் கடிக்கவில்லை. மேஸ்திரியின் கைகள் சேற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் கண்ணை மூடவே இல்லை. தன்னை அடிப்பது யார் என்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டார். ஓடைத் தண்ணீர் சிவந்து போயிற்று. வேண்டாம் என்று நான் மேலிருந்து கத்தியது எனக்கே கேட்கவில்லை.

மாமா நிறுத்தினார். ஒரு கல்லை இழுத்து வைத்து, அந்தத் தலையைத் தண்ணீருக்கு மேலே அதன்மேல் சாய்த்து வைத்தார். பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்தார். பிறகு மேலேறி வந்து, எங்கள் நடுவில் ஏறி, கம்பியைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்தார். மூக்கு தூக்கியது. மற்றவர்கள் மேஸ்திரியை இழுத்துப் போட்டார்கள்.

இதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் பொய் ஆகும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு கக்கத்தில் கட்டையோடு நடந்தார், அந்தக் கட்டையாலும் ஆட்களை அடித்தார். நான் கடைசியாகச் சொல்ல வேண்டியது அதற்கு முன்னே நடந்த ஒன்று.

மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டத்து ஆட்கள் வந்து அவர் முதுகில் தட்டினார்கள். சபாஷ் என்றார்கள். அது அவருக்கு இன்னும் கேடாகப் போயிற்று. உங்கள் அம்மாதான் ஒரு நாள், "அவன் அடிச்சது அவனோட. நீ அடிச்சது உன்னோட. போயிட்டு வாண்ணே" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் படகேறி அக்கரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மேஸ்திரி கட்டிலில் கால் இரண்டிலும் கட்டோடு கிடந்தார். முகம் இன்னும் வீங்கியிருந்தது. மாமாவைக் கண்டதும் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இவன்தான். மாட்டிக்கிட்டுக் கிடந்தவன அடிச்சுப்போட்டுத்தான் ஏறினான். இப்பதான்டா நீ ஆளு. கத்துக்கிட்ட பாத்தியா."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கிருங்க மேஸ்திரி" என்றார். "நான் அடிச்சது தப்பு."

மேஸ்திரியின் சிரிப்பு போய்விட்டது. எத்தனையோ பேர் அவரைச் சபித்ததைக் கேட்டிருக்கிறேன். கத்தியைக் காட்டி மிரட்டினவன்கூட உண்டு. அப்போதெல்லாம் வராத ஒரு பயம் அவர் முகத்தில் அன்று வந்தது.

"என்னடா தப்பு?" என்றார். "அடிச்சதுல என்னடா தப்பு? அந்த வார்த்தைய வாபஸ் வாங்குடா. திருப்பி எடு."

"தப்புதான் மேஸ்திரி. விழுந்து கிடந்தீங்க. அடிச்சிருக்கக் கூடாது."

மேஸ்திரி கையை ஓங்கினார். கால்களைக் கட்டிலோடு கட்டியிருந்ததால் எட்டவில்லை. மாமா அதைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த முக்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, கை எட்டுகிற இடத்தில், அந்தப் பெல்ட்டுத் தடம் இன்னும் ஆறாத கன்னத்தோடு உட்கார்ந்துகொண்டார்.

கை அங்கேயே நின்றது. வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் அதை மெதுவாக இறக்கிப் போர்வைமேல் வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுவரைப் பார்த்தபடியே, "போடா" என்றார். "போய் அந்தத் தண்டவாளத்தைக் கழட்டித் தொலை."

பாம்பூஃப்ளாட்டில் இறங்கியதும் மாமா வீட்டுக்கு வராமல், ஜீப்பை இழுத்து வைத்திருந்த பட்டறைக்கு நேரே போய், ஸ்பேனர் கேட்டார்.